கறை இல்லை

வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கொண்டுவந்த சட்டை பேசிவிடும் என்பது லாண்டரிக்காரரின் பெருமை. காலரைத் திருப்புவார், கைப்பட்டியை வெளிச்சத்தில் பிடிப்பார், ஒரு மூச்சு மோந்து பார்ப்பார்.

"எண்ணெய்ப் பண்டம் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னதா போன வாரம்தானே சொன்னீங்க சார்? இந்தப் பாக்கெட்கிட்ட வேற கதை ஓடுதே!"

மாட்டிக்கொண்டவர் அசடு வழியச் சிரித்து, "வீட்ல சொல்லிடாதீங்க, முதல்ல அதைப் போக்குங்க" என்று கெஞ்சுவார். தெருவில் பாதிப் பேருடைய ரகசியங்கள் அந்தக் கடையின் வெந்நீரில்தான் கரைந்திருந்தன.

கடைக்கு மேல்மாடியில் வீடு. கீழே இயந்திரங்கள் சுழலும்போது மேலே தரை லேசாக அதிரும். அவருடைய ஒரே மகள் அந்த அதிர்விலேயே தூங்கி வளர்ந்தவள். பதினான்கு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டுதான். வாய் ஓயாது, கால் தரையில் நிற்காது.

சனிக்கிழமை காலைகளில் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அந்த வாரத்து ஐந்து பள்ளிச் சட்டைகளையும் துணி பிரிக்கும் மேசையில் வரிசையாக விரித்துவைப்பார். வாண்டு மேசையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். அவர் கறைகளைப் பார்த்து வாரத்தை வாசிக்க வேண்டும்.

"திங்கக்கிழமை பேனா ஒழுகியிருக்கு. ஆனா உன் பேனா இல்ல, உன்னுது கறுப்பு."

"கரெக்ட்!"

"செவ்வாய், முதுகுல புல்லு. யாரோ தள்ளிவிட்டிருக்காங்க."

"தப்பு. நானே விழுந்தேன். பந்தைப் பிடிச்சிட்டுத்தான் விழுந்தேன், தெரியுமா?"

"புதன்கிழமை இந்த ஆரஞ்சு கலர் என்ன? நம்ம வீட்டு டிபன் பாக்ஸ்ல அப்படி எதுவும் போகலையே. யாரோட சாப்பாட்டைப் பிடுங்கித் தின்ன?"

"பிடுங்கல, மாத்திக்கிட்டோம்!" என்று அவள் கத்துவாள். இஸ்திரி மேசையிலிருந்து அம்மா, "அப்பனும் மகளும் வேலையைப் பாருங்க, பத்து மணிக்கு ஆள் வந்து நிக்கும்" என்பாள். ஐந்து சட்டைகளையும் ஊறவைத்து எடுப்பதற்குள் அவர் இடுப்பு கழன்றுவிடும். ஆனாலும் வாரத்தில் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் காத்திருப்பார்.

நான்கைந்து மாதங்களுக்கு முன் சட்டைகள் மெல்ல வெளுக்கத் தொடங்கின. முதலில் புல் போனது. பிறகு மை. ஒரு சனிக்கிழமை ஐந்து சட்டைகளையும் புரட்டிப் பார்த்தார், வாசிக்க ஒரு எழுத்துகூட இல்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறை இல்லாத உருப்படிகளுக்குக் குத்தும் மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து, 'கறை இல்லை' என்ற முத்திரையை ஓங்கிக் குத்தி, பட்டம் வழங்குகிறவரைப் போல இரண்டு கையாலும் மகளிடம் நீட்டினார்.

"இந்தாங்க மேடம். எங்க வாண்டு பெரிய ஆளாயிட்டா!"

அவள் வாங்கிக்கொண்டு சிரித்தாள். மேசை மேல் ஏறாமல் நின்றுகொண்டே சிரித்தாள். அடுத்த சனிக்கிழமையும் ஒரு சீட்டு. அதற்கடுத்த வாரமும். பிறகு அவள் கீழே இறங்கி வருவதில்லை. வாசிக்கத்தான் ஒன்றுமில்லையே என்று அவரும் கூப்பிடவில்லை.

மற்ற மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் இருட்டும்வரை தூங்கினாள்; வளர்கிற உடம்பு. சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாள், வெயில். வாசலில் வந்து கூப்பிடும் தோழி வருவதை நிறுத்தினாள், படிப்பு அதிகம். 'தலையை வாரிக்கிட்டுப் போயேன்' என்ற ஒரு வார்த்தைக்கு அம்மாவின் மேல் எரிந்து விழுந்தாள், வயசு. "நான் இந்த வயசுல எங்கம்மாவை எவ்வளவு படுத்தினேன் தெரியுமா?" என்று அம்மாவே சமாதானம் சொன்னாள். காரணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வாண்டுவின் பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தரும் டீச்சர் தன் டிராக் சூட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். முழங்காலில் செம்மண் அப்பியிருந்தது.

"என்ன டீச்சர், பிள்ளைங்களை ஓடவிட்டுட்டு நீங்க மண்ணுல உருளுறீங்களா? எங்க வாண்டைப் பாருங்க, அவ சட்டையைத் துவைக்காமலே திருப்பிக் கொடுத்திடலாம். மூணு மாசமா ஒரு பொட்டுக் கறை கிடையாது!"

டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"அண்ணே, அவ கிரவுண்டுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு."

கையிலிருந்த டிராக் சூட்டை லாண்டரிக்காரர் மேசையில் வைத்தார்.

"தலைவலின்னு சொல்வா. மத்தியானம் சாப்பிடற நேரத்துல மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்திருப்பா. பாக்ஸைத் திறக்கவே மாட்டா. நீங்க வீட்ல பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"எங்களுக்கு யாருமே சொல்லலையே டீச்சர்?"

"அமைதியா இருக்கிற பிள்ளையைப் பத்தி யார் வந்து புகார் சொல்லப்போறாங்க? நானும்தான் சொல்லல. அது என் தப்பு." டீச்சர் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வாரம் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். 'நான் சும்மா இருக்கட்டுமா டீச்சர்'னு கேட்டா. சரின்னு நானும் பெல் அடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தேன். அது வெறும் தலைவலி இல்லைண்ணே."

டீச்சர் தன் கைபேசி எண்ணை ஒரு சலவைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவர் செய்ததையெல்லாம் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு மாடிக்கு ஓடினார். போர்வைக்குள் இருந்தவளை எழுப்பி உட்காரவைத்தார்.

"என்ன குறை வச்சோம் உனக்கு? சொல்லு. கேட்டதெல்லாம் வாங்கித் தரலையா? மாடிப்படிக்கு அடியில போய் உட்கார்ற அளவுக்கு உனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் குறையில்லப்பா."

"பின்னே?"

"அதான் எனக்கும் தெரியல." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு குறையும் இல்ல. அப்புறமும் ஏன் இப்படி இருக்கேன்?"

"நாளையிலேர்ந்து விளையாடப் போற. ஒழுங்கா சாப்பிடற. மனசை நீதான் திடமா வச்சுக்கணும்."

"சரிப்பா" என்றாள். உடனே சொன்னாள். அத்தனை சீக்கிரம் அவள் எதற்குமே சரி என்று சொன்னதில்லை.

"பிள்ளையைப் போட்டு ஏங்க வதைக்கிறீங்க?" என்று மனைவி அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

கீழே வந்தார். வேலை ஓடவில்லை. அன்றைய சட்டையை அவள் கூடையில் போட்டிருந்தாள். பழக்கதோஷம், எடுத்து விரித்தார். காலர் சுத்தம். முன்பக்கம் சுத்தம். மடித்து ஓரமாக வைக்கப் போனவரின் கட்டைவிரலில் வலது கைப்பட்டி மொடமொடவென்று இடறியது.

கஞ்சி போட்ட மாதிரி விறைப்பு. அவர் கஞ்சி போடவில்லை. விளக்கடியில் பிடித்தார். துணியின் வெள்ளைக்குள் இன்னும் கொஞ்சம் வெளுத்த வளையங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக, காய்ந்த குட்டையின் கரைகள் மாதிரி. இடது கைப்பட்டியிலும் இருந்தது. வியர்வை அக்குளில் நிற்கும், காலரில் நிற்கும், மஞ்சளடிக்கும். கைப்பட்டியில் இப்படி வராது. ஒருவர் தன் கண்ணை, யாருக்கும் தெரியாமல், திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டால்தான் வரும்.

கண்ணீரைப் போக்க மருந்து எதுவும் வேண்டாம். ஊறவைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். பச்சைத்தண்ணீர் பட்டாலே போய்விடும். இருபது வருடமாக அவர் கண் பழகியிருந்தது வேலை வைக்கும் கறைகளுக்குத்தான். தானாகப் போகிற ஒன்றைக் கறை என்று அவர் என்றைக்குமே கணக்கில் எடுத்ததில்லை. அதன் மேல்தான் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு டீச்சருக்குப் போன் செய்தார். பேச்சு கோர்வையாக வரவில்லை. டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த, பிள்ளைகளுக்கான மனநல மருத்துவர் ஒருவரிடம் நாளைக்கே நேரம் கேட்டு வாங்குவதாகச் சொன்னார். பிறகு சொன்னார்: "அண்ணே, அவகிட்ட ஒண்ணு நேராவே கேளுங்க. செத்துப்போயிடலாம்னு தோணுதான்னு."

"ஐயோ, நானே அதைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?"

"கேக்கறதால அந்த நினைப்பு வராது. இருந்தா, யாராச்சும் கேட்டாங்களேன்னு அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனா பதில் எதுவா இருந்தாலும் கத்தாதீங்க. அழணும்னா அப்புறமா அழுங்க."

அவர் சொன்னதைக் கேட்ட மனைவி அன்றிரவு மகளின் கட்டிலிலேயே, அவளைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு, நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டாள். காரணம் கேட்டதற்கு, "எங்க ரூம்ல ஃபேன் சரியில்ல" என்றாள். ஃபேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை அவர் கடையைத் திறக்கவில்லை. கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். அவள் விழித்துத்தான் இருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கீழே இயந்திரங்கள் ஓடாததால் தரை அசையாமல் இருந்தது. அவருக்கு அது என்னவோ போலிருந்தது. 'ஏன்' என்று கேட்கக் கூடாது என்று படிக்கட்டில் ஏறும்போதே முடிவு செய்திருந்தார். வேறென்ன கேட்பதென்றும் தெரியவில்லை. கடைசியில், கறையோடு கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பதையே கேட்டார்.

"எப்போ இருந்தும்மா?"

அவள் போர்வை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள். அவரும் அவசரப்படவில்லை.

"முதல் சீட்டு குத்தினியே, அதுக்கு முன்னாடியே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீ ரொம்பச் சந்தோஷமா இருந்தப்பா." அவள் சுவரிடமே பேசினாள். "நான் ஒண்ணுமே செய்யல. சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுக்கு நீ இவ்வளவு சந்தோஷப்பட்ட. அப்போ இப்படி இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லதுபோலன்னு நினைச்சேன்."

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வாண்டு, ஒண்ணு கேக்கறேன். என்ன சொன்னாலும் நான் திட்டமாட்டேன். செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

போர்வை மெல்ல ஏறி இறங்கியது.

"காலையில முழிக்காமலே இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்" என்றாள். பிறகு, "சில நாள் அதுக்கு மேலயும் தோணும்" என்றாள்.

'அப்படியெல்லாம் பேசாதே' என்பது அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினார். "சொன்னியே, அது போதும்" என்றார். "தனியா வச்சிக்கிட்டு இருந்தியே இவ்வளவு நாளா." கதவுக்கு வெளியே மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றது அவருக்குத் தெரிந்தது.

மதியம் மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் முதலில் வாண்டுவிடம் தனியாகப் பேசினார். வெளியே நீளமான நடையில், ஒட்டகச்சிவிங்கி படம் வரைந்த சுவருக்குக் கீழே, கணவனும் மனைவியும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர்களையும் கூப்பிட்டார்கள்.

"இது சோம்பேறித்தனம் இல்ல, திமிரும் இல்ல" என்றார் மருத்துவர். "மனச்சோர்வுங்கறது ஒரு நோய். பிள்ளைங்ககிட்ட அது எப்பவும் சோகமா வராது. சில பேர் எரிஞ்சு விழுவாங்க. சில பேர் திடீர்னு ரொம்ப நல்ல பிள்ளையா ஆயிடுவாங்க."

"சரியாயிடும்ல டாக்டர்?" என்றாள் மனைவி.

"நிறையப் பிள்ளைங்களுக்குச் சரியாகுது. ஆனா நாள் பிடிக்கும். வாரா வாரம் வரணும். இப்போதைக்கு அவளைத் தனியா விடாதீங்க. வீட்ல மருந்து மாத்திரையெல்லாம் பூட்டி வைங்க. கடையில இருக்கற ரசாயனமும்தான்."

கறை போக்கும் புட்டிகள் வரிசையாக இருக்கும் அலமாரி அவர் கண்முன் வந்தது. அதற்குக் கதவே கிடையாது.

மருத்துவர் ஒரு தாளை வாண்டுவின் பக்கம் நகர்த்தினார். ரொம்பக் கஷ்டமான நேரத்தில் என்ன செய்யலாம், எங்கே போகலாம் என்று அவளே சொல்லச் சொல்லி எழுதிய தாள். ஓரிரண்டு வரிகள் நிரம்பியிருந்தன.

"இன்னும் ஒண்ணு பாக்கி. அந்த நினைப்பு திரும்ப வந்தா, உடனே யார்கிட்ட சொல்லுவ? ரெண்டு பேர் சொல்லு. உனக்கு வசதியானவங்க. யார் மனசும் நோகுமேன்னு பார்க்காத."

அவள் யோசித்தாள். அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சில நொடிகளில், வாழ்க்கையில் வேறெதற்கும் ஆசைப்படாத அளவுக்கு, அந்த இடத்துக்கு ஆசைப்பட்டார்.

"பி.டி. டீச்சர்" என்றாள் வாண்டு.

மருத்துவர் எழுதிக்கொண்டார். "அவங்க நம்பர் தெரியுமா?"

"என்கிட்ட இருக்கு டாக்டர்." அவர் பேனாவை வாங்கினார். கைபேசியைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக, தெளிவாக, கொட்டை எழுத்தில் எழுதினார். ஒருமுறை சரிபார்த்தார்.

"ரெண்டாவது யாரு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று பாடுபட்டார்.

"அப்புறமா சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லலாமே" என்றார் மருத்துவர். "அதுவரைக்கும் ராத்திரி பகல் எப்போ வேணா கூப்பிடற மாதிரி இங்கத்த நம்பரை எழுதிக்கறேன். நீ சொல்லப்போற பேருக்கான இடம் அப்படியே இருக்கட்டும்."

மருத்துவர் எழுதி முடித்ததும் அப்பா தாளை வாங்கி நான்காக மடித்து மகளிடம் கொடுத்தார். அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது நல்ல வெயில். அம்மா முன்னால் போய் ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தாள். அவரும் மகளும் படிகளில் மெதுவாக இறங்கினார்கள். அவள் எந்த வேகத்தில் இறங்கினாளோ அந்த வேகத்தில்.

"கோபமாப்பா?" என்றாள்.

"இல்லம்மா" என்றார். அது உண்மைதான். வலித்தது, ஆனால் கோபம் இல்லை. "நல்ல ஆளைத்தான் சொல்லியிருக்க."