நீலமாகாத தாள்

நஜீமாவின் காய்கறிக் கடைக்கு முதல் ஆளாக வருபவள் சோலையம்மாள்தான். பள்ளங்கியிலிருந்து முதல் பஸ்ஸில் பீன்ஸ் மூட்டையோடு இறங்குவாள். கூடவே தம்பி வேல்ராஜ். அந்தக் காயை, மருந்தடிக்காதது என்று சொல்லி, கொடைக்கானல் விடுதிகளுக்கு நஜீமா அனுப்புவாள்.

விடுதிக்காரர்கள் வெறும் வாய்ப்பேச்சை நம்புவதில்லை. காய் கழுவிய தண்ணீரைச் சோதனைத் தாளில் சொட்டுவிட வேண்டும். மருந்து இல்லையென்றால் தாள் நீலமாகும். இருந்தால் வெள்ளையாகவே நிற்கும். ஆனால் அது நீலமா, வெளுப்பா என்பதில் ஆளுக்கு ஒரு கண். அந்தச் சண்டையைத் தீர்க்க நஜீமா வத்தலக்குண்டில் மலிவாக ஒரு பெட்டி வாங்கி வந்தாள். சோப்பு டப்பா அளவுதான். தாளைச் செருகினால், உள்ளே எரியும் சின்ன விளக்கில் நிறத்தை அளந்து, நீலத்துக்குப் பச்சையும் வெளுப்புக்குச் சிவப்பும் காட்டும்.

முதல் சோதனை அன்று, எதிர்க்கடை தெரியாத மூடுபனி.

"என்னக்கா, எங்க பீன்ஸுக்கு பரீட்சையா?" என்று வேல்ராஜ் சிரித்தான்.

சிவப்பு எரிந்தது. நஜீமா வேறு தாள் வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

சோலையம்மாள் முகம் மாறியது. போன வாரம் அவள் பழனிக்குப் போயிருந்தபோது தோட்டம் தம்பியின் பொறுப்பில்தான் இருந்தது.

"ஏலே, நான் இல்லாதப்ப மருந்தடிச்சியா?"

"இல்லக்கா. பூச்சியக் கையாலதான் பொறுக்குனேன்."

"பொய் சொல்லாதலே! பொட்டிக்கு உன் மேல என்ன பகை?"

மூட்டை இறக்கியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வேல்ராஜ் நஜீமாவைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்கக்கா."

"மிஷின் யாரு பக்கமும் பேசாது தம்பி" என்றாள் நஜீமா.

அவன் தோளிலிருந்த சாக்கை இறக்கி வைத்துவிட்டு நடந்தான். வெயில் ஏறியபின் வந்த மற்றவர்களின் காய்க்கெல்லாம் பச்சை எரிந்தது. குற்றம் உறுதியாகிவிட்டது. அன்று சாயங்காலமே வேல்ராஜ் திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

அடுத்த மாதம் ஒரு குளிர்ந்த காலையில், பெட்டியைப் பார்க்க வந்த விடுதிக்காரருக்காக நஜீமா வெறும் குடிதண்ணீரைச் சொட்டுவிட்டாள். சிவப்பு. குடிதண்ணீரில் ஏது மருந்து? மத்தியானம் அதே தண்ணீர், பச்சை.

விற்றவனுக்கு போன் போட்டாள்.

"தாளுக்குச் சூடு வேணும்லக்கா. குளிருல நீலம் வர நேரமாகும். உள்ளங்கையில பொத்தி வச்சுட்டுப் போடணும். இங்க வத்தலக்குண்டு வெயிலுல அந்தச் சோலியே இல்ல. அதான் சொல்ல மறந்துட்டேன்."

காலைக் குளிரில் முதல் பஸ்ஸில் வந்ததுதான் அக்காவும் தம்பியும் செய்த குற்றம்.

நஜீமா அப்போதே பள்ளங்கிக்குப் போனாள். பறிக்க ஆளில்லாமல் பீன்ஸ் கொடியிலேயே முற்றிக் கிடந்தது. விஷயத்தைக் கேட்ட சோலையம்மாள் உடனே தம்பிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் தறிச் சத்தம் கேட்டது.

"ஏலே, பொட்டிதான் தப்பாம். நீ அடிக்கலையாம். வந்துருடா."

"அடிக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

"வெரசா கெளம்பி வா. காயெல்லாம் முத்திக் கெடக்கு."

"பொட்டி தப்புன்னு தெரிஞ்சப்புறம் இப்பக் கூப்பிடுற. நாளைக்கு அது மறுபடியும் சிவப்பக் காட்டுனா?"

சோலையம்மாள் போனை வாய்க்கு இன்னும் அருகே கொண்டுபோனாள்.

"ஷிப்ட்டு நடக்குதுக்கா. வைக்கிறேன்."

நஜீமா கையை நீட்டினாள். "போனக் குடு சோலையம்மா. தப்பு என்னோடது. நான் பேசுறேன்."

"நீங்க அவனுக்குக் கடைக்காரவங்க. மிஷின நம்புனீங்க, சரி" என்றாள் சோலையம்மாள். "நான் அவனை இடுப்புல தூக்கி வளத்தவ. எனக்கு எதுக்குக்கா மிஷினு?"

போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.