வீட்டுக்காரர் ஏத்துறார்

எனக்கு வீட்டுக்காரர் இரண்டு பேர். ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டவர். மற்றவர் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர். முதலாமவர் வாயில்லாப் பூச்சி. இரண்டாமவர் வருஷம் தவறாமல் வந்து, சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, வாடகையை ஏற்றிவிட்டுப் போவார். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

இந்த முறை பாதி வருஷத்திலேயே வாடகையை ஏற்ற வந்துவிட்டார். உள்ளே வரக்கூட இல்லை.

"இஷ்டம் இருந்தா இருங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க. இந்த வீட்டுக்கு ஆள் வரிசையில நிக்குது" என்று வாசலிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே மகள் பள்ளிக் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாடகை ஏற ஏற வீடு மாறி, வீட்டோடு பள்ளியும் மாறிச் சலித்துப்போன பெண். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இந்த வருஷம் மட்டும் மாற வேணாம்மா. பரீட்சை முடிஞ்சா எங்க வேணா வர்றேன்" என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் லாண்டரியில். அங்கே மேனேஜரம்மாவிடம் கூலி கூட்டிக் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. வேறு வழி இல்லை. மறுநாள் போய் நின்றேன்.

"என்னடி கஷ்டம் உனக்கு?"

"வீட்டுக்காரர் வரவர ரொம்ப ஏத்துறாரும்மா. தாங்க முடியல."

அந்தம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எப்பலேருந்து?"

"குடி வந்த நாள்லேருந்தே. ஏன்னு கேட்டா, வீட்டை விட்டு வெளிய போங்கிறார். படிக்கிற பொண்ணு காதுல விழுற மாதிரி சத்தம் வேற."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பனும் இப்படித்தான். குடிச்சுக் குடிச்சே எங்களைத் தெருவுல நிறுத்தினான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, அவர் இல்லை, வீட்டுச் சொந்தக்காரர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், "இந்த மாசத்துலேருந்து கூலியைக் கூட்டித் தர்றேன். அந்த ஆளு கண்ணுல மட்டும் காட்டிடாதே" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக என்னைக் கட்டிக்கொண்டவர் வந்தார். வெல்டிங் வேலை. பொழுது சாய்ந்தால் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். அலுப்பில் கதவோரம் சாய்ந்து நின்றார். மேனேஜரம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"வெக்கமா இல்லையா உனக்கு? பொண்ணு படிக்கிற வீட்டுல இந்த ஆட்டமா? இனிமே குடிக்க மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. சொன்னாத்தான் உன் பொண்டாட்டிக்குக் கூலி ஏறும்."

மற்ற பெண்கள் விரிப்பு மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இருமல் மருந்து நெடிக்கே முகம் சுளிக்கிற மனுஷர் அவர். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையிலிருந்த விரிப்பின் மூலையை நீவிவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் அந்த மூலையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனிமே தொட மாட்டேம்மா."

வீட்டுக்கு நடக்கும்போது நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாடிப்படி ஏறும்போது கேட்டார்.

"பரீட்சை வரைக்கும் ஓட்டிடலாம்ல?"

"ஓட்டிடலாம்."

"அதுக்குள்ள வீட்டுக்காரர் திரும்ப வாடகையை ஏத்தினா?"

அவர் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நான் திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு. இன்னொரு தடவை நிறுத்திக் கூலியை ஏத்திக்கலாம்."