நன்றிக் கிழங்கு வராத ஆண்டு

அறுவடைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் மாஸி ஒக்கேரே தன் வீட்டு முற்றத்தில் மூங்கில் பரண் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் வரப்போகும் வள்ளிக்கிழங்குகளை அடுக்கத்தான் அந்தப் பரண். ஏழு குடும்பங்கள், குடும்பத்துக்கு நான்கு கிழங்கு. ஒவ்வொன்றும் ஆளின் தொடை கனம் இருக்கும்.

"போன வருஷத்துக் கிழங்கே பாதி அழுகிப் போச்சு. இதுல புதுப் பரண் வேறயா?" என்றாள் அவர் மனைவி உகோயே, சோளம் உதிர்த்தபடி.

"அது திங்கறதுக்கா வருது? மரியாதைக்கு வருது."

"மரியாதை அழுகினா அள்ளிக் கொட்டறது நான்தானேங்க. எனக்குத் தெரியும் அதோட நாத்தம்."

ஒக்கேரே சிரித்தார். அறுபது வயதைத் தாண்டியவர்; மாஸி என்பது பெரியவர்களை நாங்கள் மரியாதையாக அழைக்கும் சொல். கடைவீதியில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். எங்கள் உமுவெலே ஊரின் பர்னபா ஆலயத்தில் பதினெட்டு ஆண்டுகளாக மூப்பர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழைப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பள்ளிக்கூடச் செலவு அவருடையது. ஆனால் அந்தக் கிழங்குகள் தனக்கு வந்து சேர வேண்டியவை என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கடற்கரையில் வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் ஆட்களை ஏற்றுவது நின்றுபோன பிறகும், உள்நாட்டில் மனிதரை மனிதர் விற்பது நிற்கவில்லை. கப்பல்கள் ஆட்களுக்குப் பதில் பனை எண்ணெய் கேட்டன. எண்ணெய் எடுக்க ஆட்கள் வேண்டியிருந்தது. ஒக்கேரேயின் கொள்ளுத்தாத்தா அப்படி ஏழு பேரை விலைக்கு வாங்கினார். பின்னால் ஓர் உபதேசியார் வேதப் புத்தகத்தோடு ஊருக்கு வந்தார். ஞானஸ்நானம் வேண்டுமானால் வாங்கிய ஆட்களை விட்டுவிடு என்று அவர் சொல்ல, கொள்ளுத்தாத்தா விட்டார். ஓடைக்குக் கீழே கொஞ்சம் நிலமும் கொடுத்தார். அந்த ஏழு பேரின் வாரிசுகள்தான் கீழ்த்தெருக்காரர்கள். விடுதலை தந்ததற்கு நன்றியாக, ஒவ்வொரு அறுவடைத் திருநாளிலும் ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அவர்கள் ஒக்கேரே வீட்டுக்குக் கிழங்கு கொடுப்பார்கள். நன்றிக் கிழங்கு என்று அதற்குப் பெயர். கீழ்த்தெரு வீடுகளில் மற்றவர்கள் யாரும் பெண் எடுப்பதில்லை, கை நனைப்பதில்லை. சாதாரணமாகக் கீழ்த்தெரு என்போம். கோபம் வந்தால் ஓஹு என்போம். அடிமை என்று அர்த்தம்.

பரண் வேலை முடியும் முன்பே பங்காளி அனேனே வேகவேகமாக வந்தான்.

"அண்ணே, விஷயம் தெரியுமா? நாளைக்குக் கிழங்கு வராதாம்."

"ஏன், விளைச்சல் இல்லையா?"

"விளைச்சலுக்கு என்ன குறைச்சல்? கொழுப்பு. கீழ்த்தெருவுல அக்கரா வடை சுடறாளே உரேதியா, அவ எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கா. மாதர் சங்கத் தலைவி ஆக விடலேல்ல, அந்த ஆத்திரம்."

போன மாதம் நடந்தது அது. மாதர் சங்கத்துப் பெண்கள் ஐம்பத்தாறு பேரில் நாற்பத்தொரு பேர் உரேதியாவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போவதா, பாடகர் குழுவுக்கு உடை தைப்பதா, எதிலும் முன்னால் நிற்பவள் அவள்தான். ஆலயக் குழு கூடியது. "இன்னும் காலம் கனியவில்லை" என்று எழுதி அந்தத் தேர்தலை ரத்து செய்தது. முதல் கையெழுத்து ஒக்கேரேயுடையது.

அனேனே சொன்னதைக் கேட்டதும் ஒக்கேரே நேரே போதகரிடம் போனார். போதகர் இகெம் வெளியூர்க்காரர், வயதில் இளையவர். ஆலயத்தில் வாழைக்குலைகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கூப்பிட்டுச் சொல்லுங்க ஐயா. நூறு வருஷத்துக்கு மேல நடக்கிற வழக்கம்."

போதகர் ஏணியிலிருந்து இறங்கினார். "மாஸி, உங்க கொள்ளுத்தாத்தா தலையில தண்ணி ஊத்தினாரே அந்த உபதேசியார், அவர் யாருன்னு தெரியுமா?"

"சியரா லியோன்ல இருந்து வந்தவர்."

"அங்க எப்படிப் போனாங்க அவங்க? அவரோட அப்பாவை இந்தப் பக்கத்துலதான் பிடிச்சுக் கப்பல்ல ஏத்தினாங்க. நடுக்கடல்ல வேற கப்பல் மறிச்சுக் காப்பாத்தி சியரா லியோன்ல இறக்கி விட்டுச்சு. விலங்கு மாட்டின தடம் அவர் அப்பா கால்ல கடைசி வரைக்கும் இருந்துச்சாம். உங்க பேச்சுப்படி பார்த்தா அவரும் ஓஹுதான். அவர் கைக்குக் கீழதான் உங்க கொள்ளுத்தாத்தா மண்டி போட்டாரு."

ஒக்கேரேக்கு முகம் சுருங்கியது. "அது வேற, இது வேற."

"எப்படி வேறன்னு நானும் மூணு வருஷமா யோசிக்கிறேன், பிடிபடல. நான் யாரையும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டேன், மாஸி. ஏன் கொடுக்கலன்னு நீங்களே போய்க் கேளுங்க."

கேட்கத்தான் போனார். ஓடைப் பாலத்தைத் தாண்டி அவர் கீழ்த்தெருவுக்குப் போய் எத்தனையோ வருஷம் இருக்கும். உரேதியா வாசலில் உட்கார்ந்து ஊறவைத்த பயறைத் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒரு தட்டில் சூடான வடையும் வைத்தாள்.

"இப்பத்தான் சாப்பிட்டேன்," என்றார் ஒக்கேரே.

"தெரியும், மாஸி. எங்க வாசலுக்கு யார் வந்தாலும் சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க." குரலில் கோபம் இல்லை. தட்டை ஓரமாக வைத்தாள்.

"ஒரு பதவி கிடைக்கலன்னு இப்படிப் பண்ணலாமா, உரேதியா? நன்றின்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

"எதுக்கு நன்றி?"

"விடுதலை கொடுத்ததுக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பூட்டிக்கு ஒன்பது வயசு. தண்ணி எடுக்கப் போன இடத்துல பிடிச்சாங்க. அவளுக்குப் பெத்தவங்க வெச்ச பேரு என்னன்னு எங்களுக்குத் தெரியாது. எந்த ஊருன்னும் தெரியாது. இருபத்தி ரெண்டு வருஷம் உங்க வீட்டுக்கு எண்ணெய் எடுத்தா. அப்புறம் 'நீ போகலாம்'னாங்க. எங்க போவா? உங்க வீட்டுல ஆட்டைத் திருடிட்டுப் போனவன் இருபது வருஷம் கழிச்சு வயசான ஆட்டைக் கொண்டாந்து கட்டினா, நீங்க அவனுக்குக் கிழங்கு தூக்கிட்டுப் போவீங்களா, மாஸி?"

ஒக்கேரே எழுந்திருக்கப் பார்த்தார்.

"நன்றியப் பத்திப் பேச்சு எடுத்தது நீங்கதான். அதனால சொல்றேன். நீங்களா கேட்டாச் சொல்லுன்னு எங்கம்மா சொல்லிட்டுப் போனா. உள்நாட்டுச் சண்டைக் காலத்துல உங்களுக்கு மூணு வயசு. ஊரே ஓடிச்சு. பசியில வயிறு வீங்கி, முடியெல்லாம் செம்பட்டையாகிக் கிடந்தீங்களாம். உங்கம்மாவுக்குக் காய்ச்சல், உங்களைத் தூக்கிட்டு நடக்க முடியல. உங்களை முதுகுல கட்டிக்கிட்டு நாலு நாள் நடந்து, மிஷன்காரங்க கஞ்சி ஊத்துற இடத்துல சேர்த்தது யாரு தெரியுமா?"

"யாரோ ஒரு அம்மான்னு சொல்லுவாங்க..."

"உலோவாக்கு. எங்கம்மா." "எங்கண்ணன் இபேக்கு அப்ப அஞ்சு வயசு. ஒரு முதுகுல ஒரு பிள்ளையத்தானே கட்ட முடியும்? நடக்கத் தெரிஞ்சவன்னு அவனைக் கையில பிடிச்சு நடத்திட்டுப் போனா. மூணாம் நாள் அவன் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கல. அதுக்கப்புறம் முப்பது வருஷம், அவளும் உங்க வீட்டுக்குக் கிழங்கு தூக்கிட்டு வந்தா, மாஸி. நீங்க கை நீட்டி வாங்கியிருக்கீங்க."

ஒக்கேரே எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்ததும் லாகோஸில் இருக்கும் அக்கா அடாகுவுக்குப் போன் போட்டார். யுத்தக் காலத்தில் அடாகுவுக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சாலையில் கூடவே நடந்தவள்.

"அக்கா, என்னை முதுகுல சுமந்தது யாரு?"



"உனக்கு யார் சொன்னா?"

"அப்ப உண்மைதானா?"

"உண்மைதான்டா. மிஷன்ல கொடுத்த கஞ்சியத் தன் கையால உனக்கு ஊட்டினதே அவதான். நீ துப்புவே. துப்பத் துப்ப ஊட்டுவா. சண்டை முடிஞ்சு ஊர் திரும்பினதும் அப்பா எங்களையெல்லாம் கூப்பிட்டு, இது வெளிய தெரியக் கூடாதுன்னுட்டார். அந்தக் கையில சாப்பிட்டவன்னு தெரிஞ்சா நாளைக்கு உனக்கு ஊர்ப் பெரியவர் பட்டம் தர மாட்டாங்களாம். நான் சின்னப் பிள்ளை, வாய மூடிக்கிட்டேன். அப்புறம் அதுவே பழகிப் போச்சு." அடாகு அழுதாள். "அந்தப் பையன் இபே பாதி வழி என் பாவாடையப் பிடிச்சுக்கிட்டுத்தான்டா நடந்து வந்தான்."

ஒக்கேரே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். உகோயே பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "நான் உயிரோட இருக்கிறதுக்கு எத்தனை பேருக்கு நன்றி சொல்லியிருக்கேன் தெரியுமா? டாக்டருக்கு, மிஷனுக்கு, கடவுளுக்கு. அவங்க ஒருத்தருக்குச் சொல்லல," என்றார்.

"இப்பத் தெரிஞ்சுதே. அதுக்குச் சந்தோஷப்படுங்க," என்றாள் உகோயே. "தெரியாமலே செத்துப் போயிருந்தா?"

மறுநாள் ஆலயம் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால் வாழை, சோளம், மிளகாய், கால் கட்டின கோழிகள். கீழ்த்தெருக்காரர்கள் தங்கள் காணிக்கையை எல்லாரையும்போலப் பீடத்தில் வைத்துவிட்டுப் பின்வரிசைக்குத் திரும்பினார்கள். நன்றிக் கிழங்கின் நேரம் வந்தது. யாரும் எழவில்லை.

ஒக்கேரே எழுந்தார். கையில் எதுவும் இல்லை. பின்வரிசை வரைக்கும் நடந்து போய் உரேதியாவின் முன்னால் நின்றார்.

"சபையாரே, எனக்கு மூணு வயசுல உயிர் கொடுத்தது உலோவாக்கு அம்மா. இவங்களோட தாயார். தன் பிள்ளைய நடக்க விட்டுட்டு என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. அந்தப் பிள்ளை போயிட்டான். அவன் பேரு இபே. இந்த ஊர்ல நன்றிக்கடன் பட்ட வீடு என் வீடுதான், அவங்க வீடு இல்ல. உரேதியா, போன மாசம் உங்களுக்கு எதிராப் போட்ட கையெழுத்து என் வாழ்க்கையிலேயே அசிங்கமான கையெழுத்து. என்னை மன்னிச்சிடுங்க. உங்கம்மாவுக்கு நன்றி." அவர் அங்கேயே மண்டியிட்டார்.

"அண்ணே, எழுந்திருங்க!" என்று அனேனே முன்வரிசையிலிருந்து கத்தினான். "ஒரு ஓஹு முன்னாலயா? நம்ம வம்சத்து மானம் என்னாகுறது? அடிமை வியாபாரமெல்லாம் என்னைக்கோ முடிஞ்சு போன கதை. எதுக்கு இப்பக் கிளறுறீங்க?"

ஒக்கேரே திரும்பிப் பார்த்தார். "முடியல தம்பி. கப்பல்தான் நின்னுச்சு. 'உன்னை வாங்கினது எங்க வீடு'ன்னு ஒருத்தன் நினைச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் வியாபாரம் நடந்துக்கிட்டேதான் இருக்கு. நான் இன்னையோட கடையச் சாத்திட்டேன்."

அனேனே வெளியேறினான். அவனோடு ஆறேழு குடும்பங்களும் போயின. சிலர் இன்றுவரை உறவுக்கு அடையாளமான கோலாக் கொட்டையை ஒக்கேரேயோடு உடைத்துத் தின்பதில்லை. அவருக்குத் தருவதாக இருந்த ஊர்ப் பெரியவர் பட்டமும் வரவில்லை. ஆனால் மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். மாதர் சங்கப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உரேதியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பாட ஆரம்பிக்க, ஆலயமே பாடியது. ஒக்கேரேயை உரேதியா கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"எங்கம்மா பேரை இந்தச் சபையில யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, மாஸி," என்றாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. "இபே பேரையும் சொன்னீங்க. எனக்கு அது போதும்."

பாட்டு முடிந்ததும் போதகர் அவளை முன்னால் அழைத்தார். ஆலயக் குழு கூடி முடிவு செய்ய ஒரு வாரம் ஆனது என்றாலும், அன்றைக்கே அவள்தான் தலைவி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உரேதியாவுக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. முந்தானைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சபையைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னைக்கு எனக்கு மனசு நிறைஞ்சு இருக்கு. கடவுளுக்கு நன்றி. நம்மளத் தேடி வந்த அந்த உபதேசியாருக்கு நன்றி. கஞ்சி ஊத்தின கைகளுக்கு நன்றி. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். ஒரு மனுஷன அடிமையா வெச்சிருந்துட்டு அப்புறம் விட்டா, அது உபகாரம் இல்ல, திருடினதத் திருப்பிக் கொடுக்கறது. அதுக்கு யாரும் நன்றி கேட்காதீங்க. ஆனா உங்களத் தூக்கிச் சுமந்தவங்க யாரா இருந்தாலும், எந்தத் தெருவா இருந்தாலும், அவங்க பேரை மறைக்காம வாய் திறந்து சொல்லுங்க. நன்றின்னா அதுதான்."