முன்ஷி கேட்ட அனுமதி

முப்பத்தாறு வருடம் மத்திய அரசில் ஃபைல் தள்ளியவன் நான். எங்கள் செக்‌ஷனில் ஒரு நடைமுறை உண்டு. குறித்த தேதிக்குள் யாரும் ஆட்சேபம் எழுதாவிட்டால், ஒப்புக்கொண்டதாகவே வைத்து ஃபைலை நகர்த்திவிடுவோம். ரிடையர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் மனைவி வைதேஹி எதற்கும் வாயைத் திறக்கமாட்டாள் என்பதால் வீட்டில் ஃபைல்கள் ஜோராக நகர்ந்தன.

போன மாதம் மகன் அபிஷேக், நாங்கள் இப்போது இருக்கும் துவாரகா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஏஐ உதவியாளரைப் போட்டுக்கொடுத்து, அதற்கு முன்ஷி, அதாவது குமாஸ்தா, என்று பெயரும் வைத்தான்.

"நம்ம விஷயம் எதுவும் இந்தப் பெட்டிய விட்டு வெளில போகாதுப்பா. ஆனா எது செய்யறதுக்கு முன்னாடியும் பர்மிஷன் கேக்கும்."

கேட்டது, அப்படிக் கேட்டது! இதைத் திறக்கட்டுமா, அதைப் படிக்கட்டுமா என்று பிராணனை வாங்கியது. எதையாவது கேட்காமல் செய்துவிடாதா என்று விதவிதமாக வேலை கொடுத்துப் பார்த்தேன். ஊஹூம்.

இதற்கிடையே வைதேஹிக்கு அவள் ஆபீஸில் பதவி உயர்வு வந்தது, கௌஹாத்தியில். ஏற்கிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ அவள் இல்லாமல் இங்கே இருக்க பயம். வெள்ளிக்கிழமை அவள் லீவில் சமையலறையில் இருக்க, அவள் சார்பில் நானே மறுப்புக் கடிதம் ஒன்று எழுதினேன். குடும்பச் சூழ்நிலை, வருத்தத்துடன், இத்யாதி. அவள் மெயிலிலிருந்து அனுப்பச் சொன்னேன்.

'இது வைதேஹியின் மெயில். அவரிடம் கேட்கட்டுமா?' என்றது முன்ஷி.

கேட்டுத் தொலை என்று தட்டினேன். சமையலறையில் அவள் ஃபோன் ஒலித்தது. நாலே கால். நாலரை. பதில் இல்லை.

'பதில் வராவிட்டால் சரி என்றுதானே அர்த்தம்?' என்று எழுதினேன்.

'இல்லை. பதில் வராவிட்டால் அனுமதி இல்லை.'

கோபம் தலைக்கேறியது. கொஞ்ச நேரத்தில் கோபம் போய், அவள் என்னதான் சொல்வாள் என்ற ஆவல் வந்தது. மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸை விட்டு இங்கே வந்ததற்கு என்ன சொல்லியிருப்பாள்? அபிஷேக்கை எஞ்சினியரிங் சேர்த்ததற்கு? இருபத்தொன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூட அவள் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

நாலு ஐம்பதுக்குத் திரையில் வந்தது: 'வைதேஹி அனுமதி மறுத்துவிட்டார்.'

பின்னாலேயே ஈரக் கையோடு அவளும் வந்து நின்றாள்.

"ஜாயின் பண்றேன்னு காலம்பறயே அனுப்பிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீங்க எங்க கேட்டேள்? முன்ஷி கேட்டுது, சொன்னேன்."

திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"நானும் வரட்டுமா?"

அவள் ஒன்றும் சொல்லாமல், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பழக்க தோஷம், பரணிலிருந்து பெட்டியை இறக்க எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்துகொண்டேன். இன்னும் பதில் வரவில்லை.