இரண்டாவது குழாய்

பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சருக்கு ஏழாவது கேள்வியில் தூக்கிவாரிப் போட்டது. 'முதல் குழாய் தொட்டியை இருபது நிமிடத்தில் நிரப்பும். இரண்டு குழாய்களும் சேர்ந்தால் எவ்வளவு நேரமாகும்?' என்று மொட்டையாக நின்றது. இரண்டாவது குழாயைப் பற்றிய வரியைக் காணோம். தட்டச்சு செய்தது அவரேதான்.

பிள்ளைகள் என்ன பாடுபட்டார்களோ என்று பதறிப்போய்ப் புரட்டினார். ஒருவரும் பாடுபடவில்லை. முப்பத்தெட்டு பேரில் இருபத்தொரு பேர் 'பன்னிரண்டு நிமிடம்' என்று எழுதியிருந்தார்கள். பாடப்புத்தகக் கணக்கின் விடை அது. அங்கே இரண்டாவது குழாய்க்கு முப்பது நிமிடம். பதினாறு பேர் இருபதைப் பாதியாக்கி, 'பத்து' என்று முடித்து, அடியில் கோடும் இழுத்திருந்தார்கள். வகுப்பே 'வாயாடி' என்று கூப்பிடும் பெண் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் வகுப்புக்கு முன் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, ஏழாவதை விட்டுட்ட?"

"ரெண்டாவது குழாய்க்கு எவ்ளோ நேரம்னு தெரியல டீச்சர்."

"எழுந்து கேக்க வேண்டியதுதானே? ஊர் வாயெல்லாம் உன்கிட்டதான இருக்கு!"

"எல்லாரும் எழுதிட்டே இருந்தாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நினைச்சேன்."

டீச்சர் வகுப்புக்குள் போய்க் கேள்வியைப் பலகையில் எழுதினார்.

"இதுல என்ன குறை?"

எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் எழுந்தான். "படி ஏதாவது விட்டுட்டேனா டீச்சர்?"

"முப்பதுன்னு போட்டியே, அது எங்கேருந்து வந்தது?"

"எப்பவும் முப்பதுதானே டீச்சர்?"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடமாகத் தான் கற்றுக்கொடுத்தது கணக்கா, விடையா?

"தப்பு என்னோடதுதான். ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார்.

"அப்போ மார்க்கு?" என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டார். வாயாடியின் தாளில் மட்டும் 'நீதான் கேள்வியைப் படித்தவள்' என்று எழுதினார்.

தாளை வாங்கிய கையோடு அவள் திரும்பி வந்தாள். "டீச்சர், இது பாராட்டா, திட்டா?"

"பாராட்டுதான்மா."

அவள் தலையாட்டினாள். நம்பிய மாதிரி தெரியவில்லை. இடத்துக்குப் போனதும் பக்கத்துப் பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டாள்: "உனக்கு எப்படிடி பத்து வந்துச்சு?"