ரப்பர் தோலுக்குள் மாப்பிள்ளை

"போஸ்டர்ல மாப்பிள்ளை எங்கம்மா?" என்றார் குமகாய், ஜப்பானின் ஹமமட்சு நகரத் தியேட்டர் வாசலில்.

கோபுரத்தைக் கடித்துக்கொண்டிருந்த பச்சை ராட்சசனைக் காட்டினாள் மகள் சாயோகோ. "இதுக்குள்ளதாம்பா இருக்கார்."

"ஊரையே மிதிக்கிறவனுக்கா உன்னைக் குடுக்கச் சொல்ற?"

"படத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அப்பா சம்மதிக்காமல், ராட்சச வேஷம் கட்டி நடிக்கும் தெத்சுஜியைக் கட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. படத்தில் ராட்சசன் பாலத்தை உடைத்தான், ரயிலைத் தூக்கி எறிந்தான். அப்பாவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

கடைசிச் சண்டையில் எதிரி ராட்சசனின் வாலைத் தெரியாமல் மிதித்துவிட்டான் தெத்சுஜி. சட்டென்று இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டான். எதிரியும் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் குனிந்தான். தியேட்டரே சிரித்தது.

"இதை ஏம்மா வெட்டாம விட்டாங்க?"

"செட்டுல போட்ட அட்டை ஊரு மொத்தமும் நொறுங்கிப் போச்சுப்பா. திரும்ப எடுக்க முடியல. அவருக்கு டைரக்டர்கிட்ட செம திட்டு."

குமகாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தோலுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும்போதும் மரியாதை மறக்கலையே. ஞாயித்துக்கிழமை விலாங்கு மீன் வாங்குறேன், சாப்பிட வரச்சொல்லு. நம்ம வாசல் சின்னது, தோலைக் கழட்டிட்டு வரணும்."