சேனை வைக்கும் விரல்

1

இந்தக் கதை ஒரு வேண்டுதலில் தொடங்கியது. வேண்டிக்கொண்டவள் என் தம்பி முகுந்தனின் மனைவி ஷாமினி. வேண்டிக்கொண்டது எனக்கு எதிராக. அதைத் தெரிந்துகொண்டு பதினொரு மாதமாகிறது. ஆறு முறை எழுத உட்கார்ந்து ஆறு முறையும் கோபத்தில் எழுந்துவிட்டேன். இப்போது கோபமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'மலேசியாவில், பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில், செம்பனை ஓலைகளின் மேல் காலைப் பனி...'

(போதும். வீட்டில் பிள்ளை பிறக்கப் போகும்போது செம்பனையை யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்?)

2

சேனை என்றால் பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் இனிப்பு. ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், அவ்வளவுதான். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் குழந்தையின் அத்தைதான் வைக்க வேண்டும். அதாவது நான்.

இப்போது என் குணத்தைச் சொல்ல வேண்டும். நான் முன்கோபி. தீபாவளிக்கு முந்தின நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தோட்ட மானேஜரின் காரை மறித்துக் கத்தியவள். தண்ணீர் வந்தது, கூடவே கெட்ட பேரும் வந்தது. என் கல்யாணம் நான்கே வருடத்தில் முறிந்ததும் இந்தக் குணத்தால்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் பேசுவதில்லை.

ஷாமினி நேராக எதுவும் சொல்லவில்லை. ஏழாம் மாதத்தில் ஒரு நாள், "அண்ணி, இப்பல்லாம் ஆஸ்பத்திரில சேனை வெக்க விட மாட்டாங்களாம் லா," என்றாள்.

"எவ விட மாட்டா? நான் பேசிக்கிறேன்."

அவள் முகம் போன போக்கை அன்று நான் கவனிக்கவில்லை. (கவனித்தேன். கதையில் பொய் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இந்த இடத்தில் வேண்டாம்.)

3

குழந்தை ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்தது. பெண். தானாக மூச்சுவிட முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூக்கில் குழாய் வைத்தார்கள். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். சேனையாவது ஒன்றாவது.

வெளி பெஞ்சில் ஹஷிம் என்ற மலாய்க்காரர் உட்கார்ந்திருந்தார். போர்டிக்சன் பக்கம் லோரி ஓட்டுகிறவர். சட்டைப்பையில் டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒரு பேரீச்சம்பழம். அவர்கள் வழக்கத்தில் பழத்தை மசித்துப் பிள்ளையின் வாய்க்குள் தடவ வேண்டும். அவர் மகனும் உள்ளே ஒரு பெட்டியில். அவரும் வாசலில் தடுக்கப்பட்டவர்தான்.

(இந்தக் கதையின் முந்தின படியில் அதே பெஞ்சில் ஒரு சீனப் பெண்ணையும் பிள்ளை பிறந்தால் சீனர்கள் பங்கிடும் சிவப்புச் சாயம் பூசிய முட்டைக் கூடையோடு உட்கார வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் மூன்று இனமும் கைகோத்துச் சிரிக்கும் சுதந்திர தினத் தொலைக்காட்சி விளம்பரம் மாதிரி இருந்தது. உண்மையில் அவர் தனியாக வந்தார். மாதம் நிறைந்து விருந்து வைக்கும்வரை பிள்ளை பிறந்ததை யாருக்கும் சொல்வதில்லை என்றார். சொல்ல ஆளில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டே அழுதார். முட்டைகள் நான் கொடுத்தவை. திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.)

4

நான்காம் நாள் ஷாமினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க சேனை வெக்கக் கூடாதுன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். எப்படியாச்சும் தடுத்துரு தாயேன்னு. இப்படித் தடுப்பான்னு எனக்குத் தெரியாது அண்ணி. என் புள்ளய நானே..."

நான் அவளை அப்படியே அணைத்துக்கொண்டு

நான் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை

இல்லை. நான் எழுந்து போய்க் கை கழுவினேன். அந்த வார்டுக்குள் போகுமுன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூன்று முறை கழுவினேன். எனக்கு வலித்தது. இவ்வளவு பயப்படும்படியா இருந்திருக்கிறேன் என்று வலித்தது. திரும்பி வந்தேன்.

"நீ எனக்குப் பயப்படுற, சரி. மாரியாத்தாளுமா எனக்குப் பயந்து புள்ளயப் படுக்கப் போடுவா? அழாத. போய்ப் பாலெடு."

5

ஆறாம் நாள் குழந்தை மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டது. மறுபடி வைத்தார்கள், மறுபடி பிடுங்கியது.

"அடுய், கராங் லா பேபி நி!" என்று மிஸ்ஸி சிரித்தார். கராங் என்றால் மலாயில் மகா கோபக்காரி. குழாய் இல்லாமலே மூச்சு நன்றாக வருகிறது, இனி வேண்டாம் என்றார் டாக்டர்.

நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஹஷிம் பதறி எழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் அவர் முறை வந்தது. கடுகளவு தடவ விட்டார்களாம். மிச்சப் பழத்தை எனக்குக் கொடுத்தார், தின்றேன். (அவர் பொறுமை எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.)

6

முப்பது கும்பிடும் நாள், அதாவது பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் சாமி கும்பிடுவது. தோட்டத்து வீட்டில் முடி இறக்கி, தொட்டில் கட்டியாயிற்று. ஷாமினி ஒரு சின்னக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொன்னதால் கிண்ணத்தில் அவளுடைய பால்தான்.

"வைங்க அண்ணி. உங்க கோவம் இவளுக்கு வேணும்."

முடிவு ஒன்று: வைக்கிறேன், குழந்தை வீல் என்று கத்துகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: 'உன் குணமே போதும்மா' என்று கிண்ணத்தைத் திருப்பித் தருகிறேன். (நான் அவ்வளவு நல்லவள் இல்லை.)

நடந்தது என்னவென்றால், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் வேண்டும் என்கிறாள், இப்போது பயப்படுவது நான். இந்தக் கோபம் எனக்குத் தண்ணீரும் வாங்கித் தந்திருக்கிறது, ஆளில்லாத தனி வீடும் வாங்கித் தந்திருக்கிறது. இரண்டில் எது இவளுக்குப் போய்ச் சேரும்?

இப்போது அவளுக்குப் பதினொரு மாதம். நேற்றுக் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் நான் வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டாதீர்கள். குழாயைப் பிடுங்கியபோது அவள் நாக்கில் யார் விரலும் பட்டிருக்கவில்லை.

இந்தக் கதையில் கிண்ணம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. குழந்தை வாயைத் திறந்துவிட்டாள். என் விரல் மட்டும் போதாது என்று படுகிறது. நீங்களும் ஒரு விரல் வைக்க வாருங்கள். சாதுவோ, சிடுசிடுப்போ, எனக்குக் கவலையில்லை.

முழங்கைவரை கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.